களம் வரைக்கும் வெள்ளைக்கோடு

அக்குலப்பாவுக்குக் குழுத்தலைவர் பதவி வந்த நாளிலிருந்து அவரைக் கண்டாலே எர்ரக்காவுக்குக் குமட்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் மழையே எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில், பட்டப்பகலில், குடை பிடிப்பதற்கென்று ஒரு ஆளையே கூட வைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒரு பேனாவில் தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் மனுஷனுக்கு வேர்த்துவிடும், இதில் இரண்டாவது எதற்கு என்று எர்ரக்கா வாய்விட்டே கேட்டிருக்கிறாள். புருஷனுக்குத் தாய்மாமன் என்பதால் அவரை மாமா என்று கூப்பிட வேண்டிய தலையெழுத்து அவளுக்கு. அந்த மாமாவை அவள் சொல்கிற விதத்தில் ஒரு வாய் எச்சிலும் சேர்ந்திருக்கும்.

மருந்தடிக்காத நிலக்கடலை போடலாம் என்று இயற்கை விவசாயச் சங்கத்துக்காரர்கள் முதன்முதலில் ஊருக்கு வந்தபோது இதே அக்குலப்பா என்ன சொன்னார் என்பதை யாரும் மறக்கவில்லை. மருந்தில்லாமல் கடலை விளைந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று டீக்கடையில் சத்தியம் பண்ணினார். கடலை விளைந்தது, மீசையும் இருக்கிறது. நடுவில் ஒருநாள் சங்கத்தில் குழுத்தலைவருக்குப் பெங்களூர் போக வர பஸ் செலவும் தங்க அறையும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டார், அவ்வளவுதான். மறுநாளே மண் நமக்குத் தாய், மருந்து விஷம் என்று ஊருக்கு உபதேசம் தொடங்கிவிட்டார்.

முதல் வருஷம் சிவப்புக் கம்பளிப்பூச்சி படைபடையாக வந்தது. எர்ரக்காவும் மற்ற வீட்டுப் பெண்களும் விடியும் முன்பே கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், செடி செடியாகப் பொறுக்கிக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார்கள். கையெல்லாம் தடித்து வீங்கி, களியைப் பிட்டு வாயில் வைக்க முடியாது. அக்குலப்பாவின் நிலத்திலும் அவர்களேதான் பொறுக்கினார்கள், அங்கே விட்டால் நாளைக்கு இங்கே வரும் என்பதால். அவர் வரப்பில் நின்று போட்டோ பிடித்தார். அந்தப் படத்தைப் பெங்களூர்க் கண்காட்சியில் ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டி, பக்கத்தில் நின்று மாலை வாங்கிக்கொண்டு வந்தார். படத்தில் இருந்தது எர்ரக்காவின் கூடை, எர்ரக்காவின் கை. முகத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள் என்றால் அதற்குக் காரணம் டவுன் மண்டி. வருஷா வருஷம் கடலையை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டினால், வியாபாரி செருப்புக் காலாலேயே குவியலைத் தள்ளிப் பார்ப்பான். ஒரு கை அள்ளுவான், மோந்து பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், எதிரில் நிற்கிற பொம்பளையை ஏறிட்டும் பாராமல் பக்கத்துத் தரகனிடம் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். வீட்டில் குழந்தை மாதிரி காயவைத்துப் புடைத்த கடலையை அவன் செருப்புக் காலால் தள்ளுவதைப் பார்க்கும்போதெல்லாம் எர்ரக்காவுக்கு வயிறு எரியும். சான்றிதழ் ஒன்று வரட்டும், அப்புறம் செத்தாலும் அந்த மண்டி வாசலில் நிற்க மாட்டேன் என்று சொல்லித்தான் அவள் சங்கத்தில் சேர்ந்தாள். மூன்று வருஷம் மருந்து வாடையே இல்லாமல் பயிர் பண்ணி முழுச் சான்றிதழ் வாங்கிவிட்டால், சங்கமே வண்டியோடு களத்துக்கு வந்து கடலையை வாங்கிக்கொள்ளும். இது மூன்றாவது வருஷம்.

ஆனால் சான்றிதழ் தனி ஆளுக்குக் கிடையாது. ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு குழு, குழுவுக்கு ஒரு சான்றிதழ். அதில் ஒருத்தன் தப்புப் பண்ணினாலும் ஐந்து வீட்டுக்கும் போச்சு, எல்லோரும் மறுபடி முதல் வருஷத்தில் போய் நிற்க வேண்டும். இதுபோக எங்கள் சங்கத்தில் கடி ஜாமீன் என்று ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் விதைக்கடலை வாங்கப் போனால் யாரும் கையால் உடைத்துப் பார்க்க மாட்டோம், காயை அப்படியே பல்லில் வைத்துக் கடிப்போம். அந்த வழக்கத்தைச் சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சோதனை பண்ண வருகிறவர் முன்னால் குவியலுக்குச் சொந்தக்காரர் முதலில் ஒரு காயைக் கடித்துத் தின்ன வேண்டும். அப்புறம் அவருக்கு ஜாமீன் நிற்கிற ஆள் ஒரு கைப்பிடி அள்ளிக் கடித்துத் தின்று, நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். யாருக்கு யார் ஜாமீன் என்பது திருவுளச்சீட்டு. இந்த வருஷம் எர்ரக்காவுக்கு விழுந்த சீட்டு அக்குலப்பா. சாமிக்கும் கிண்டல் தெரியும் என்று சீட்டைக் கசக்கிப் போட்டாள்.

கார்த்திகை மாசம், கடலையெல்லாம் ஆய்ந்து பாறைக்களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து வீட்டுக்கும் ஐந்து குவியல். மேற்கோரம் எர்ரக்காவுடையது, அதை அடுத்து புல்லக்காவுடையது, நடுவில் ஊர்வலத்துச் சாமி மாதிரி அக்குலப்பாவுடையது. புல்லக்கா வாயில்லாப் பூச்சி. யார் என்ன சொன்னாலும் சரிக்கா, ஆமாக்கா என்பாள். ஆட்டுக்குக்கூட முட்டத் தெரியும், இவளுக்கு அதுவும் தெரியாது என்று எர்ரக்கா அவளைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

சான்றிதழ்க்கார அம்மா ஹைதராபாதிலிருந்து வருகிறாள் என்று சேதி வந்ததும் அக்குலப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேளத்துக்குச் சொன்னார். காலையில் பொரியை நனைத்துத் தாளித்த உக்கானியும் பஜ்ஜியும், மத்தியானம் நெய் ஊற்றிப் போளி என்று பெண்களுக்கு உத்தரவு போட்டார். வருகிறவள் கடலையைப் பார்க்க வருகிறாளா பெண் பார்க்க வருகிறாளா என்று எர்ரக்கா கேட்டாள். ஆம்பளைகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அவர் சொன்னபடியே வாழைமரம் வெட்டப் போனார்கள். இந்த ஊர் ஆம்பளைகளே இப்படித்தான், சிரிப்பது ஒரு பக்கம், கும்பிடுவது இன்னொரு பக்கம்.

சான்றிதழ்க்கார அம்மா வருகிற அன்று காலையில் எர்ரக்கா களத்துக்குப் போனபோது, பஞ்சாயத்தில் தெருக்கூட்டுகிற குல்லாயப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் நடந்த வழியெல்லாம் வெள்ளைக்கோடு. மந்திரி வந்தால் கோடு, கலெக்டர் வந்தால் கோடு, தேர்தல் வந்தால் கோடு. பெரிய மனுஷர் யார் வந்தாலும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத்தூளில் கோடு போடாவிட்டால் எங்கள் ஊருக்குத் தூக்கம் வராது. பஸ் நிறுத்தத்தில் தொடங்கிய கோடு வண்டித்தடத்தில் இறங்கி, வரப்பேறி, களத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அக்குலப்பாவின் குவியலைச் சுற்றிக் கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி இரட்டைக் கட்டம். புல்லக்காவின் குவியலைச் சுற்றியும் பாதிக் கட்டம் முடிந்திருந்தது.

யார் போடச் சொன்னது என்று எர்ரக்கா கேட்டாள்.

"தலைவர்தான்க்கா. களம் வரைக்கும் இழுக்கணும்னாரு. குமியைச் சுத்திக் கட்டம் கட்டினா போட்டோவுல லட்சணமா இருக்குமாம்," என்றான் குல்லாயப்பா.

அவள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். கொண்டுபோகவே வேண்டியதில்லை. களம் முழுக்க அந்த வாடைதான் அடித்தது. சாக்கடைக்கும் குப்பைமேட்டுக்கும் தூவுகிற ஈ மருந்து. சங்கம் வருவதற்கு முன்னால் கடலைச் செடிக்கும் கிட்டத்தட்ட இதே வாடையுள்ள தூளைத்தான் மூட்டை மூட்டையாகத் தூவினோம். இந்த ஊரில் பால்குடி மறந்த எந்த மூக்குக்கும் அது தெரியும். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும், பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வயசா இவர்களுக்கு? ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அக்குலப்பா புது வேட்டி மொடமொடக்க வந்தார். இது என்ன தூள் மாமா என்று அவள் கேட்டதற்கு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"இது ப்ளீச்சிங் பவுடர் மருமகளே. ஊர்த் தண்ணித்தொட்டியில போடுறது. தினம் நீ குடிக்கிறதுதான். குடிச்சே சாகாதவ, கோட்டைப் பாத்தா செத்துருவியா?"

சிரிப்பு எழுந்தது. எர்ரக்கா விடவில்லை.

"தண்ணித்தொட்டி இப்படி நாறினா நான் எப்பவோ செத்திருப்பேன் மாமா. கூட்டிப் பெருக்கச் சொல்லுங்க. மூணு வருசமா பூச்சியைக் கையால பொறுக்கினோம். இன்னிக்குக் காசில்லாம நீங்களே மருந்து தெளிக்கிறீங்க."

"உனக்கு நாக்கு நீளம்னு தெரியும். மூக்கும் நீளம்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார் அவர். நல்ல காரியம் நடக்கிற நாளில் அபசகுனமாகப் பேசாதே என்று ஒரு பெரியவர் அவளை அதட்டினார். அவள் புருஷன் நாகலிங்கா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, விடு விடு என்று கண்ணால் கெஞ்சினான். கெஞ்சுவதற்கென்றே பிறந்த கண்.

நாசமாய்ப் போங்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனை யார் தடுக்க முடியும்? தன் குவியலைச் சுற்றிக் கோடு விழாமல் குல்லாயப்பாவை விரட்டினாள். வீட்டுக்குப் போய்த் தார்ப்பாயைக் கொண்டுவந்து தன் குவியலை மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தாள். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. எங்கள் ஊர்க் காற்றுக்குக் காலை மாலை கிடையாது, நினைத்தபோது வரும். கோடு கலைந்து புகை மாதிரி எழும்பிக் குவியல்களின் மேல் படிந்தது. புல்லக்கா தன் குவியல் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எர்ரக்கா பாறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ்க்கார அம்மாவின் பெயர் மாதுரி. ஜீப்பில் வந்த வேகத்தில் வயிற்றைப் பிரட்டி முகம் வெளிறிப்போயிருந்தாள். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர் பாட்டில், மூக்கில் ஜலதோஷம். மேளத்தைப் பார்த்துப் பயந்து, மாலையைக் கழற்ற இடம் தெரியாமல் தவித்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து சோதனைக்கு ஒரு ஆளை அனுப்புகிறவர்கள், மூக்கு திறந்திருக்கிற ஆளாகப் பார்த்து அனுப்பக் கூடாதா என்று எர்ரக்காவுக்கு எரிச்சல் வந்தது. மாதுரி நிலமெல்லாம் சுற்றிப் பார்த்து, ஓரத்து ஆமணக்கையும் ஊடுபயிர்த் துவரையையும் தொட்டுப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வேலை தெரிந்தவள்தான், அதைச் சொல்ல வேண்டும். களத்தில் கால் வைத்ததும் இந்த வெள்ளை என்ன என்று கேட்டாள்.

"சுண்ணாம்பும்மா. லட்சுமி வர்ற வழின்னு கோலமா போடுறது எங்க ஊர் வழக்கம்," என்றார் அக்குலப்பா, கண்ணை இமைக்காமல்.

காலையில் ப்ளீச்சிங், மத்தியானம் சுண்ணாம்பு. தூள் ஒன்றுதான், அவர் வாயில்தான் அது வேஷம் மாறிக்கொண்டிருந்தது. மாதுரி தலையாட்டி, அழகாக இருக்கிறது என்றாள். நாலு வீட்டு ஆட்களும் தரையைப் பார்த்தார்கள்.

கடி ஜாமீன் தொடங்கியது. அந்த அம்மாவுக்கு அந்தச் சடங்கில் ஆசை. இதை வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று சொல்லி, படமெடுக்க போனைத் தூக்கினாள். தலைவர் என்பதால் முதல் மரியாதை அக்குலப்பாவின் குவியலுக்கு. அவர் எர்ரக்காவை அழைத்தார். குரலில் பாகு வழிந்தது.

அவள் போய் நின்றாள். இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கைப்பிடி அள்ளி, நாலு காயைக் கடித்து, நான் பொறுப்பு என்று இரண்டு வார்த்தை. ஓட்டின் மேல் ஒட்டிய தூளில் ஆள் செத்துவிட மாட்டாள் என்று அவளுக்கும் தெரியும். அதைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனால் சான்றிதழ் வந்துவிடும். மண்டி வாசல் ஒழியும், அந்தச் செருப்புக் கால் ஒழியும். பின்னாலிருந்து நாகலிங்கா, "தின்னுட்டு வா எர்ரீ, எல்லாம் முடிஞ்சிரும்," என்று மெதுவாகச் சொன்னான். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் பேச்சில் அர்த்தம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. கை தானாகக் குவியல் பக்கம் இறங்கியது.

அதற்கு முன் சொந்தக்காரர் ஒரு காய் தின்ன வேண்டும். அக்குலப்பா குவியலுக்குள் கையை ஆழமாக விட்டு, அடியிலிருந்து ஒரு காயை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துவிட்டுக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நசுக்கி உடைத்தார். பருப்பை மட்டும் உள்ளங்கையில் உருட்டி, வாயைத் தூரத்தில் வைத்துக்கொண்டு எறிந்தார்.

அக்குலப்பா கடலையைக் கையால் உடைத்து இந்த ஊர் பார்த்ததில்லை. சினிமாக் கொட்டகையில், சாவு வீட்டில், பேசிக்கொண்டிருக்கும்போதே கடித்து ஓட்டை அடுத்தவன் மேல் துப்புகிற மனுஷன். அந்தப் பல்லுக்கு இன்றைக்கு என்ன வந்தது? களத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மாதுரி மட்டும் பார்க்கவில்லை. அவள் போனில் வெளிச்சத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

தெரியாமல் செய்தான் என்றால்கூட எர்ரக்கா தின்றிருப்பாள். முட்டாள்தனத்துக்கு ஜாமீன் நிற்கலாம், இந்த ஊரில் வேறு எதற்கு நிற்கிறோம்? ஆனால் இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தன் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு, அவள் பல்லை நீட்டச் சொல்கிறான்.

"பல்லால கடிங்க மாமா," என்றாள்.

"என்ன மருமகளே?"

"கையால உடைச்சீங்க. கடி ஜாமீன்னா பல்லால கடிக்கணும். கடிங்க."

"பல்லு வலிம்மா." மாதுரியைப் பார்த்துச் சிரித்தார். "வயசாகுதில்ல."

"காலையில மொளகா பஜ்ஜிய மென்னீங்களே, அது யார் பல்லு?" அவள் குவியலின் மேல்பக்கத்திலிருந்து, தூள் படிந்த காயாகப் பார்த்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "சுண்ணாம்புதானே. வெத்தலைக்குப் போடுறீங்க. தண்ணித்தொட்டியில போடுறோம். கடிங்க மாமா. நீங்க கடிச்சா நான் இந்தக் குமியவே தின்னுடுறேன்."

அக்குலப்பா காயை வாங்கினார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். உதடு திறந்தது, பல் திறக்கவில்லை. ஒரு ஊரே ஒரு மனுஷனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் காயை இறக்கி, அந்த அம்மாவுக்குப் போளி ஆறிவிடும் என்றார்.

மாதுரி போனை இறக்கிவிட்டாள். குனிந்து கோட்டிலிருந்து தூளை எடுத்தாள், மூக்கைச் சிந்தினாள், மோந்து பார்த்தாள். இது என்ன என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். மரத்தடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்த குல்லாயப்பா, கேள்வி தன்னைத்தான் என்று எழுந்து நின்றான்.

"ஈ மருந்தும்மா. ப்ளீச்சிங் பாதி ரோட்டோட தீந்துபோச்சு. தலைவர்கிட்ட கேட்டேன், இருக்கிறதைக் கலந்து போடுன்னாரு."

அவள் பையைத் திறந்து, ஒவ்வொரு குவியலிலும் காய் எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டாள். எர்ரக்கா தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். உங்களுடையது சுத்தமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது, ஆனால் களம் ஒன்று, குழு ஒன்று, நான் ஒன்றும் பண்ண முடியாது என்றாள் மாதுரி. சொல்லும்போது அவளுக்கே வருத்தமாக இருந்தது. போளி சாப்பிடாமல் ஜீப்பில் ஏறினாள். மேளக்காரர்கள் போளியை முடித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து வீடும் முதல் வருஷத்துக்குப் போயிற்று. ஊர் யாரைத் திட்டியது என்று கேட்கவே வேண்டாம். கோடு போட்டவனை இல்லை, போடச் சொன்னவரை இல்லை. ஒரு வாய் தின்றிருந்தால் குடியா முழுகியிருக்கும், பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று எர்ரக்காவைத்தான் குழாயடியில் கரித்துக்கொட்டினார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று வருஷச் சான்றிதழ் வாங்கலாம் என்று நினைத்த ஊர்தானே இது, உங்களுக்கு அந்த மண்டிச் செருப்புதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் செருப்பு அவளுக்கும் சேர்த்துத்தான். அடுத்த வாரம் மண்டியில் வியாபாரி அவள் குவியலைத் தள்ளிப் பார்த்தான். இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வீட்டுக்கு வந்துதான் அழுதாள். நாகலிங்கா களி கிண்டி வைத்தான்.

சங்கத்துக்காரர்கள் அக்குலப்பாவைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். இறக்கி, இந்த மாதிரித் தவறு இனி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு போட்டு, அனுபவசாலி என்று அவரையே அதில் உறுப்பினராக வரச் சொன்னார்கள். அதைக் கேட்டு எர்ரக்கா சிரித்த சிரிப்பில் கட்டிலில் படுத்திருந்த பூனை ஓடிப்போயிற்று. அவருக்கு அதுவும் போதவில்லை. தலைவர் இல்லாவிட்டால் சங்கமே வேண்டாம் என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் புல்லக்கா வந்தாள். வாசலில் நின்றவளை எர்ரக்கா உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. நீயும் திட்ட வந்தாயா என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் புல்லக்கா. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஆமாக்கா எல்லாவற்றிலும் இது வேறு மாதிரி இருந்தது. "நீ அவர்கிட்ட கத்தினது நல்லா கத்தின. கடைசியில கேட்டதும் நல்லா கேட்ட. ஆனா பக்கத்துல என் குமி கெடந்துச்சு. புல்லீ, ஒரு பக்கம் பிடி, உன்னதையும் மூடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லல. உட்காந்து காலை ஆட்டிட்டிருந்த. அவரு நம்மளை மனுசியா மதிக்கலேன்னு சொல்றியே, நீ மதிச்சியா?"

எர்ரக்காவுக்கு நாக்கில் ஆயிரம் வார்த்தை தயாராக இருக்கும். உனக்கு வாயில்லையா, நீயே மூடியிருக்கலாமே என்று சொல்லப் பார்த்தாள். அது தனக்கே கேவலமாகப் பட்டது. உள்ளே வா என்றாள்.

புல்லக்கா வரவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னாள். மூன்று வீடும் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயார். எர்ரக்காவோடு நாலு. ஆனால் அக்குலப்பா விலகிவிட்டார், கடையில் மருந்து பூசிய சிவப்பு விதைக்குச் சொல்லிவிட்டார், தெளிப்பானும் வாங்கிவிட்டார். அவர் நிலம் மேற்கே இருக்கிறது. காற்று அங்கிருந்துதான் அடிக்கிறது. அவர் அடித்தால் அது முதலில் வந்து விழுவது எர்ரக்காவின் வயலில், அப்புறம் புல்லக்காவின் வயலில். பக்கத்து நிலத்துக்காரன் மருந்தடித்தால் அத்தனை ஓரத்தையும் சான்றிதழுக்கு வெளியே விட வேண்டும். புல்லக்காவின் குச்சி மாதிரி ஒடுங்கிய நிலத்தில் ஓரத்தை விட்டால் மிச்சம் கோழி மேயத்தான் ஆகும். யார் போய்க் கேட்டும் அவர் கதவைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி எர்ரக்கா சாப்பிடவில்லை. உலகத்தில் அவள் கால் வைக்கக் கூடாது என்று நினைத்த வாசல் இரண்டு. ஒன்றுக்கு ஏற்கெனவே போய் வந்தாயிற்று.

காலையில் பல் துலக்கிய கையோடு அக்குலப்பாவின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி அழுக்கு, பேனா இல்லை, சவரம் பண்ணி எத்தனையோ நாளாயிற்று. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அந்தப் பரிதாபம் தன்மேல் ஒட்டிவிடுமோ என்று அவள் வாசல்படியிலேயே நின்றுகொண்டாள். மூலையில் புது மருந்துத் தெளிப்பான் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"எதுக்கு வந்த? மிச்சம் மீதி இருக்கிற மானத்தையும் வாங்கிட்டுப் போகவா?" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"உங்ககிட்ட அது இருந்தா எப்பவோ வாங்கியிருப்பேன் மாமா. வர்ற செவ்வாக்கிழமை மொத வருசக் குழு எழுதுறோம். நாலு வீடு இருக்கு. அஞ்சு வேணும்."

"வேற ஆளே கிடைக்கலையா ஊர்ல?"

"வேற ஆள் இருந்தா இந்தப் படியில நிப்பேனா? உங்க நிலம் மேக்கால இருக்கு. அதைத் தூக்கி வேற பக்கம் வைக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் பாதி நக்கலும் பாதி அழுகையுமாகக் கேட்டார்: "சரி, நான் வர்றேன்னே வெச்சுக்க. என் குமியை இனிமே இந்த ஊர்ல எவ வந்து கடிப்பா?"

எர்ரக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வெறுப்பில் ஒரு பொட்டும் குறைந்திருக்கவில்லை.

"நான்தான். சீட்டெல்லாம் வேணாம். சாகுற வரைக்கும் ஒவ்வொரு வருசமும் நானே வந்து கடிக்கிறேன்," என்றாள். "உங்களை நம்பி வேற எவளையும் விட மாட்டேன்."